இளஞ்சிவப்புத் தூளும் கறுப்புத் தூளும்: புற்றுக்காளானை இனங்காண்பது எப்படி

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை, இரத்மலானையில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று கிணற்றடியில் எடுத்தது. மற்றது மதிலோரம், போன வருடம் தறித்த மாமரத்துக் குற்றிக்குப் பக்கத்தில் எடுத்தது. இரண்டிலும் விரல்நுனி அளவுக் குடைகள், பொரி கொட்டினாற்போல நூற்றுக்கணக்கில் நின்றன. கூடவே ஒரு குரல்பதிவு: "தம்பி, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கிணத்தடியில நிக்கிறதை ஆய்ஞ்சு கொண்டு போறா, கறி வைக்கவாம். மதிலடியில நிக்கிறதும் அதுதானே? பாத்துச் சொல்லு."

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் நான். பாகுபாடு என்ற அலகை வருடா வருடம் நடத்துகிறேன். ஆனாலும் அந்த இரண்டு படங்களையும் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் தெரிந்தது குடையின் மேற்பக்கம் மட்டும்தான். காளானில் முக்கியமான விஷயங்கள் எல்லாம் குடைக்கு அடியிலும் மண்ணுக்கு அடியிலும்தான் இருக்கின்றன. "ஒண்டையும் சமைக்க வேண்டாம், பின்னேரம் வாறன்" என்று பதில் போட்டுவிட்டு 101 பஸ்ஸில் ஏறினேன்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் பெரியம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். காளான் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பது என் ஆசை.

முதலில் இரண்டு சொற்கள். பாகுபடுத்தல், இனங்காணல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பாகுபடுத்தல் என்றால் ஏராளமான உயிர்களை எடுத்து, யார் யாருக்கு உறவு என்று பார்த்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைப்பது. இனங்காணல் அதற்கு எதிர்த்திசையில் போகும் வேலை. குடும்பங்கள் எல்லாம் ஏற்கெனவே பிரித்து வைத்தாயிற்று. என் கையில் இப்போது ஒரு காளான் இருக்கிறது, இது எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பது. பிரித்தவர் எந்த அடையாளங்களை வைத்துப் பிரித்தாரோ, அவற்றையே நாமும் தேடிப் பார்க்கவேண்டும். பிரித்தவர் வித்தியின் (காளானுக்கு விதை மாதிரியான நுண்துகளின்) நிறத்தைப் பார்த்திருக்க, நாம் குடையின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் வீடு போய்ச் சேரமாட்டோம்.

இன்னுமொரு சொல் விளக்கம். இலங்கைப் பாடப்புத்தகங்களில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படிகள் வரும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் சாதியைப் பேரினம் என்றும் இனத்தைச் சிற்றினம் என்றும் எழுதுவார்கள். எனக்குப் பேரினம் என்ற சொல் பிடிக்கும். நெருங்கிய இனங்கள் பல சேர்ந்த கூட்டம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. இந்தக் கட்டுரையில் பேரினம், இனம் என்றே எழுதுகிறேன்.

தூள் பிடித்தல்

நாம் காளான் என்று சொல்வது ஒரு பங்கசின் (பூஞ்சையின்) முழு உடம்பு இல்லை. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படித்தான் காளான். மரத்துக்குச் சமமானது மண்ணுக்குள்ளோ மரக்கட்டைக்குள்ளோ ஓடும் நூல் நூலான பூசணவலை. மழை வந்து காலம் கூடும்போது அது வெளியே தள்ளும் இனப்பெருக்க உறுப்புத்தான் குடையும் தண்டும். குடையைத் திருப்பினால் விசிறி மடிப்பு மாதிரி நெருக்கமாக மெல்லிய தகடுகள் தெரியும். அந்தத் தகடுகளில்தான் வித்திகள் உண்டாகின்றன. ஒரு வித்தி கண்ணுக்குத் தெரியாது. இலட்சக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்தால் தூளாகத் தெரியும், நிறமும் தெரியும்.

பெரியம்மா வீட்டுக் குசினி மேசையில் நாங்கள் செய்தது இதுதான். பழைய கலண்டர்த் தாள் ஒன்றின் வெள்ளைப் பின்பக்கத்தை எடுத்து, அதில் பாதியை மூடும்படி கறுப்புக் கொப்பி மட்டை ஒன்றை வெட்டி ஒட்டினோம். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, கறுப்புத் தூள் கறுப்பில் தெரியாது, அதனால்தான் இரண்டும். கிணற்றடிக் குடைகள் பத்தின் தண்டை நறுக்கிவிட்டு, தகடு கீழே பார்க்க, பாதி கறுப்பிலும் பாதி வெள்ளையிலுமாக அடுக்கினோம். மதிலடிக் குடைகளை இன்னொரு தாளில் அதேபோல். காற்றுப் படாமல் இரண்டின் மேலும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தோம். தகடு காய்ந்துவிட்டால் வித்தி விழாது என்பதால் குடைகளின் மேல் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர். பெரியம்மா இரவு முழுக்க அந்தப் பக்கம் யாரையும் போகவிடவில்லை.

காலையில் கிண்ணத்தைத் தூக்கியபோது எனக்கே சிலிர்த்தது. குடைகளை எடுத்த இடத்தில், சின்னச் சின்னச் சக்கரங்களாக, ஆரக்கால் ஆரக்காலாகத் தூள் படிந்திருந்தது. கிணற்றடிக் காளான் தந்தது இளஞ்சிவப்பு, பழைய ரோஜா இதழ் வெளுத்தாற்போல. மதிலடிக் காளான் தந்தது கரித்தூள் மாதிரிக் கறுப்பு. மேலே இருந்து பார்த்தபோது அக்கா தங்கை போல இருந்தவை இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று அந்தத் தாள் சொல்லிவிட்டது. "இதுக்கு மேல என்ன கேள்வி" என்றார் பெரியம்மா. கேள்விகள் அங்கேதான் தொடங்கின.

காளான்களை வித்தித்தூளின் நிறத்தால் பிரிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் சுவீடனைச் சேர்ந்த எலியாஸ் ஃபிரைஸ். 1821இல் தொடங்கி வந்த அவருடைய நூல்களில், தகடுள்ள காளான்களில் பெரும்பாலானவை அகாரிக்கஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் இருந்தன; அதற்குள்ளே தூளின் நிறப்படி பிரிவுகள். பிற்காலத்தில் அந்தப் பிரிவுகளெல்லாம் தனித்தனிப் பேரினங்களாயின. இன்றைக்கும் ஒரு புதியவர் முதலில் கற்கவேண்டிய காரியம் தூள் பிடிப்பதுதான். நுணுக்குக்காட்டி தேவையில்லை, காசு தேவையில்லை, ஒரு இரவு பொறுமை போதும்.

இளஞ்சிவப்பு என்றால் எந்தப் பேரினம்?

தூள் இளஞ்சிவப்பு என்றவுடன் பெயர் கிடைத்துவிடாது. இளஞ்சிவப்புத் தூள் தரும் பேரினங்கள் பல. அடுத்து, சவர பிளேட்டால் காளானைக் குடை உச்சியிலிருந்து தண்டின் அடிவரை நெடுக்காக இரண்டாகப் பிளக்கவேண்டும். தகடு தண்டில் போய் ஒட்டுகிறதா, ஒட்டாமல் சற்று விலகி நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். கிணற்றடிக் காளானில் தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. எண்டோலோமா என்ற பெரிய பேரினத்துக்கும் தூள் இளஞ்சிவப்புத்தான், ஆனால் அதில் தகடுகள் பொதுவாகத் தண்டில் ஒட்டியிருக்கும். ஆக, அதை விலக்கலாம்.

இளஞ்சிவப்புத் தூளும் விலகிய தகடும் சேர்ந்த காளான்களில் நாம் எதிர்கொள்ளக்கூடியவை முக்கியமாக மூன்று பேரினங்கள். தண்டின் அடியில் கிழிந்த பை மாதிரி ஒரு கிண்ணம் இருந்தால் வொல்வேரியெல்லா. வைக்கோலில் வளர்க்கும் வைக்கோல் காளான் இந்தப் பேரினம்தான். கிண்ணம் இல்லாமல், உக்கிய மரத்தில் முளைத்திருந்தால் புளூட்டியஸ். கிண்ணமும் இல்லை, மரமும் இல்லை, மண்ணில் நிற்கிறது, கிட்டக் கறையான் இருக்கிறது என்றால் டெர்மிட்டோமைசெஸ். பெயரிலேயே கறையானும் காளானும் சேர்ந்திருக்கின்றன. நம் ஊர்ப்பேச்சில் புற்றுக்காளான்.

கிணற்றடியில் ஒரு பிடி மண்ணை உதிர்த்துப் பார்த்தோம். மண்ணோடு தவிடு போன்ற பழுப்பு உருண்டைகள் கலந்திருந்தன. அவை கறையான்கள் புற்றுக்குள்ளிருந்து தூக்கி வந்து வெளியே பரப்பியவை. அந்த உருண்டைகளிலிருந்துதான் ஒவ்வொரு குடையும் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்தபிறகு பேரினத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கறையானும் இந்தக் காளானும் வாழும் வாழ்க்கையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. எல்லாக் கறையானும் காளான் வளர்ப்பதில்லை. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் ஒரு துணைக்குடும்பம்தான் வளர்க்கிறது. வேலைக்காரக் கறையான்கள் சருகையும் செத்தையையும் தின்று, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைப் புற்றுக்குள் தேன்கூடு மாதிரி அடுக்குகின்றன. அதில் இந்தப் பங்கசு பரவி, கறையானால் செரிக்க முடியாத மரச்சத்தைச் சிதைக்கிறது. பழைய கூட்டைக் கறையான் தின்கிறது. கூட்டின் மேல் சவ்வரிசி போல வரும் வெள்ளை முடிச்சுகளையும் தின்கிறது. தன்சானியாவில் 2.5 கோடி வருடத்துக்கு முந்திய புற்றுக்குள் இந்தத் தோட்டங்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய கூட்டு விவசாயம். இது நமக்குப் பண்ணையில் வசப்படாமல் இருப்பதற்கும் காரணம் அதுவே. சிப்பிக்காளானைப் போலப் பொதியில் வளர்த்து எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோக முடிவதில்லை.

பிரிந்து கிடந்தவை சேர்ந்த கதை

புற்றுக்குள் இருக்கும் இந்தப் பங்கசுத் தோட்டத்தை 1779இலேயே எழுதி வைத்தவர் தரங்கம்பாடியில் இருந்த யொஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற இயற்கையியலாளர். ஆனால் புற்றுக்கு மேலே முளைக்கும் குடைக்கும் உள்ளே இருக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு வெளியாகி, தனிப் பேரினமாக ஒரு பெயர் கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதில் இலங்கைக்குப் பெரிய பங்கு உண்டு. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த ஜோர்ஜ் துவெயிட்ஸ் இங்கே சேகரித்த காளான்களை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியாரும் கிறிஸ்டோபர் புரூமும் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். நம் கிணற்றடிக் காளானுக்கு அவர்கள் 1871இல் வைத்த பெயர் அகாரிக்கஸ் மைக்ரோகார்ப்பஸ். மைக்ரோகார்ப்பஸ் என்றால் சின்னப் பழம் என்று பொருள். இதே மூவரின் தொடர்பில்தான் 1869இல் கோப்பி இலைத் துரு நோயின் பங்கசுக்கும் பெயர் கிடைத்தது. அந்த நோய் கோப்பியை அழித்து, மலையகத்தைத் தேயிலை நாடாக்கி, எத்தனையோ இலட்சம் தமிழரின் தலைவிதியை மாற்றிப்போட்டது. ஒரே பேராதனை மேசையிலிருந்து கிளம்பிய இரண்டு பொட்டலங்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

சரி, கதைக்கு வருவோம். உலர்ந்த காளானைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் வைத்தவர்களுக்குப் புற்றுத் தெரியாது. அதனால் ஒரே உறவுக்காரக் காளான்கள் வேறு வேறு பேரினங்களில் போய் விழுந்தன. மைக்ரோகார்ப்பஸைத் தூளின் இளஞ்சிவப்பைப் பார்த்து எண்டோலோமாவில் வைத்தார்கள். பெர்க்லி 1847இல் பெயர் வைத்த யூரைசஸ் என்ற பெரிய புற்றுக்காளானை அர்மில்லேரியாவில் வைத்தார்கள். வேறொன்று கொலிபியாவில். பேராதனையில் பங்கசு ஆய்வாளராக இருந்த டொம் பெச் 1906இல் கறையான் புற்றுகளின் பங்கசுகளைப் பற்றி விரிவாக எழுதியபோது நிலைமை தெளிவாகத் தொடங்கியது. கறையான் கைவிட்ட புற்றில் வரும் கரிய விரல் போன்ற பங்கசு வேறு, கறையான் இருக்கும்போது வருவது வேறு என்பதையெல்லாம் அவர் கவனித்தார். 1942இல் ரொஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றையெல்லாம் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து டெர்மிட்டோமைசெஸ் என்று பெயர் வைத்தார். குடையின் உருவத்தோடு வாழும் முறையையும் சேர்த்துப் பார்த்ததன் பயன் அது.

அப்படியும் சண்டை ஓயவில்லை. 1945இல் ரொல்ஃப் சிங்கர், பெரியவற்றை ராஜபா என்றும் சின்ன மைக்ரோகார்ப்பஸைப் பொடப்ரெல்லா என்றும் தனிப் பேரினங்களாக வைத்தார். ஒரு விரல்நுனிக் காளானும் சாப்பாட்டுத் தட்டுப் பெரிய காளானும் எப்படி ஒரே பேரினம் என்பது நியாயமான சந்தேகம்தான். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபோது சின்னவை பெரியவற்றின் கிளைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தன. ஆகவே எல்லாம் மறுபடி டெர்மிட்டோமைசெஸ். இன்று அந்தப் பேரினத்தில் குடை 2 சென்ரிமீற்றர்கூட இல்லாத மைக்ரோகார்ப்பஸும் உண்டு. சம்பியாவில் கண்டு 1980இல் பெயர் வைத்த டைட்டானிக்கஸும் உண்டு, அதன் குடை 1 மீற்றர் வரை விரியும். பருமன் உறவைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மதிலடிக் கறுப்புத் தூளின் கதை இதற்கு நேர்மாறு. மாங்குற்றியில் கூட்டமாக நின்ற அந்தக் குடைகளில் பாவாடைச் சுருக்கம் மாதிரி நெடுங்கோடுகள். இன்றைய பெயர் கொப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ். முன்பு கொப்ரைனஸ் என்ற ஒரே பேரினத்தில் கறுப்புத் தூள் தரும், குடை மை மாதிரிக் கரைந்துபோகும் காளான்களையெல்லாம் வைத்திருந்தார்கள். கரையாத இதையும் அவற்றோடு சேர்த்திருந்தார்கள். 2001இல் டி.என்.ஏ. சான்றைக் கொண்டு அந்தப் பேரினத்தை உடைத்தார்கள். அந்தப் பேரினத்தின் தலைமகனாக இருந்த கொப்ரைனஸ் கொமேட்டஸ், கடையில் வாங்கும் வெள்ளைப் பட்டன் காளானின் குடும்பத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலானவை வேறொரு குடும்பத்தில் மூன்று பேரினங்களாகப் பிரிந்தன. குடை கரையும் குணம் உறவில்லாத இரண்டு வம்சங்களில் தனித்தனியே தோன்றியிருந்தது.

பெரியம்மாவின் வளவில் பத்தடி தூரத்தில் நின்ற இரண்டு கூட்டங்களில் ஒன்று, பல பேரினங்களில் சிதறிக் கிடந்து ஒன்றுசேர்ந்தது. மற்றது, ஒன்றாகக் கிடந்து பலவாகப் பிரிந்தது. ஒற்றுமை வேறு, உறவு வேறு. இளஞ்சிவப்புத் தூளிலும் இதே பாடம்தான்: எண்டோலோமா, புளூட்டியஸ், டெர்மிட்டோமைசெஸ் மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள். இளஞ்சிவப்பை வைத்து நாம் ஆளைத் தேடலாம், உறவு கொண்டாட முடியாது. பாகுபடுத்தலும் இனங்காணலும் வேறு வேறு என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

பேரினத்துக்குள் இனம்

பேரினம் தெரிந்தபின் இனம். இங்கே உதவுவது பள்ளிக்கூடத்தில் படித்த இணைக்கவர்ச் சுட்டி. ஒவ்வொரு படியிலும் இரண்டே வழி. ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த படி. இலங்கையின் தகட்டுக் காளான்களுக்கு இப்படிச் சுட்டிகளோடு விரிவான நூலை 1986இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த டேவிட் பெக்ளர். புற்றுக்காளானில் எந்தெந்தக் கேள்விகள் வரும் என்று காட்ட, ஒரு சின்ன நடை நடந்து பார்ப்போம்.

உதாரணத்துக்கு வேறொரு காளான். சில வருடம் முன்பு பாதுக்கையில் நண்பர் ஒருவரின் இறப்பர்க் காணியில் கண்டது. குடை விரித்த கையை விட அகலம், பழுப்பு நிறம், நடுவில் கரும்பழுப்பாக ஒரு குமிழ். நண்பர் ஆசையோடு பிடித்து இழுத்தார். தண்டு மண்மட்டத்தில் முறிந்து கையோடு வந்தது. பக்கத்தில் நின்ற மற்றதை நான் தொடவிடவில்லை. அரையடி தள்ளி மண்வெட்டியால் குழி வெட்டி, பிறகு குசினிக் கத்தியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். தண்டு மண்ணுக்குள்ளே போய்க் கறுத்து, வேர் மாதிரிச் சிறுத்துச் சிறுத்து இறங்கிக்கொண்டே இருந்தது. முழங்கை ஆழம் தாண்டியபின் சாம்பல்பழுப்பில் கடற்பஞ்சு மாதிரி ஒன்று கத்தியில் இடறியது. கறையான்கள் ஓடின. அந்தக் கரிய வேர் அதில் போய்க் குந்தியிருந்தது. நண்பர் கையில் இருந்த முறிந்த தண்டை ஒருமுறை பார்த்தார், குழியை ஒருமுறை பார்த்தார். பாதிக் காளான் மண்ணுக்குள் இருந்ததே என்றார்.

உண்மையில் இது வேர் இல்லை, தண்டின் தொடர்ச்சிதான். ஆழத்திலிருந்து வரவேண்டியிருப்பதால் மண்ணைத் துளைக்க ஒரு முனை வேண்டும். குடையின் நடுவில் இருக்கும் அந்தக் குமிழ்தான் துளைக்கும் முனை. இனங்களைப் பிரிப்பதற்கு அந்தக் குமிழின் வடிவம் முக்கியமான அடையாளம்.

இப்போது சுட்டி. முதல் கேள்வி: குடை 3 சென்ரிமீற்றருக்குக் குறைவா, நூற்றுக்கணக்கில் வருகிறதா, ஆழத்துக்குப் போகும் வேர்ப்பகுதி இல்லையா? ஆம் என்றால் மைக்ரோகார்ப்பஸ். கறையான்களே உருண்டைகளை வெளியே கொண்டுவந்து பரப்பிவிடுவதால் அதற்கு நீண்ட வேர் தேவைப்படுவதில்லை. பாதுக்கைக் காளானுக்கு இல்லை என்று பதில், ஆகவே அடுத்த படி. தண்டில் தடித்த வளையம் நிலைத்து நிற்கிறதா? வெள்ளைக் குடையும் அப்படி வளையமும் இருந்தால் ஹெய்மியை நினைக்கலாம். தென்னிந்தியக் காளான்களை ஆராய்ந்த நடராஜன் 1979இல் விவரித்துப் பேரினத்தை உருவாக்கிய ஹெய்மின் பெயரையே அதற்கு வைத்தார். எங்கள் காளானில் வளையம் இல்லை. அடுத்த படி: குமிழ் முள் மாதிரிக் கூரா, மொட்டையா? கூர் என்றால் கிளைபியேட்டஸ். எங்களுடையது மொட்டை, கரும்பழுப்பு, கீழே நீண்ட கரிய வேர். யூரைசஸ் என்று நின்றது. அந்தப் பெயருக்கே நல்ல வேருள்ளது என்றுதான் பொருள்.

இது கற்பதற்காக நான் சுருக்கிய நடை. பேரினத்தில் 30க்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதால் முழுச் சுட்டி இதைவிட மிக நீளம். ஆனால் கேள்விகளின் தன்மை இதுதான். நண்பர் இழுத்து முறித்த காளானை வைத்திருந்தால் முதல் படியிலும் கடைசிப் படியிலும் வேரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் எதுவும் இருந்திருக்காது.

புதியவர்கள் ஏமாறும் இடம், மாறும் குணத்தை நிலையான குணமாக எடுத்துக்கொள்வது. மொட்டில் கூம்பாக இருக்கும் குடை விரிந்ததும் தட்டையாகும், முதிர்ந்தால் ஓரம் கிழியும். ஒரு மழை நிறத்தைக் கழுவிவிடும். தகடு இளசில் வெள்ளை, வித்தி முற்றியபின்தான் இளஞ்சிவப்பு. பொழுது விடியும்போது எடுத்ததையும் மத்தியானம் எடுத்ததையும் இரண்டு இனம் என்று சொன்ன மாணவர்கள் எனக்கு உண்டு. அதனால் ஒரு காளானை மட்டும் எடுக்கக்கூடாது. ஒரே கூட்டத்தில் மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது மூன்றையும் எடுக்கவேண்டும். தகடு தண்டோடு சேரும் விதம், தூளின் நிறம், மண்ணுக்கடிப் பகுதி, நுணுக்குக்காட்டியில் தெரியும் வித்தியின் வடிவம் இவையெல்லாம் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. எண்டோலோமாவின் வித்தி கோணல் கோணலாக மூலைகளோடு இருக்கும். புற்றுக்காளானின் வித்தி வழவழப்பான நீள்வட்டம். எண்டோலோமாவில் வைத்தபோதே அதைப் பார்த்துப் பிரித்திருந்தால் மைக்ரோகார்ப்பஸ் அவ்வளவு காலம் எண்டோலோமா வீட்டில் இருந்திருக்காது.

பெயரை எழுதும் முறையிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அறிவியல் நூல்களில் டெர்மிட்டோமைசெஸ் மைக்ரோகார்ப்பஸ் என்று எழுதி, பின்னால் பெர்க்லி, புரூம் பெயர்களை அடைப்புக்குறிக்குள்ளும் ஹெய்மின் பெயரை வெளியிலும் போடுவார்கள். அடைப்புக்குறியைக் கண்டால், இந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் பிறந்து, வெளியே இருப்பவரால் இங்கே குடிவந்தது என்று அர்த்தம். பேரினம் மாறினாலும் மைக்ரோகார்ப்பஸ் என்ற பின்பெயர் கூடவே வரும். அந்தப் பின்பெயர் முதன்முதலில் விவரித்த உலர்ந்த மாதிரியோடு கட்டுண்டது; பெர்க்லியின் சேகரிப்பு 1879இல் கியூவுக்குப் போனது.

சமைக்கலாமா என்ற பெரியம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, உள்ளி நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்றெல்லாம் சொல்வதை நம்பி ஒருபோதும் சாப்பிடவேண்டாம். காளானின் நஞ்சுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெப்பநாட்டுப் புல்தரைகளில் மழைக்குப்பின் வட்டமாக முளைக்கும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற பெரிய வெள்ளைக் காளான் பார்க்க வெகு அழகு. சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். அதன் தூள் பச்சை. முதிர்வதற்கு முன் அதன் தகடும் வெள்ளைதான். பக்கத்து வீட்டு அம்மா சிறுவயதிலிருந்து அந்த ஒரே காளானை, அதே மாதிரியான இடத்தில் ஆய்ந்து பழகியவர். நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு தூள் பதிவையும் என் பேச்சையும் நம்பிச் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள் என்று பெரியம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

பெரியம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றமாக இல்லை. தூள் தாள்களின்மேல் கண்ணாடித்தாள் ஒட்டி வைக்கலாமோ என்று கேட்டார். வைக்கலாம். குடைகள் சிலவற்றைப் பொலித்தீன் பையில் போடாமல் கடதாசியில் சுற்றி, மெல்லிய வெக்கையில் முறுமுறுவென்று உலர்த்தினோம். பொலித்தீனில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். கடித உறை ஒன்றில் அவற்றைப் போட்டு, உலர்ந்தபின் தெரியாமல் போகும் விஷயங்களையெல்லாம் மேலே எழுதச் சொன்னேன். சுருட்டை எழுத்தில் பெரியம்மா எழுதினார்: இரத்மலானை, கிணற்றடி, மண்ணில். கறையான் உருண்டை உண்டு. கூட்டம், இருநூறுக்கு மேல். குடை வெள்ளை, நடு சாம்பல், சின்னக் கூர். தகடு விலகல். வளையம் இல்லை, கிண்ணம் இல்லை. தூள் இளஞ்சிவப்பு. இரண்டு நாள் மழைக்குப் பிறகு.

மதிலடிக்கும் ஒரு உறை போடவா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த உறையை எடுத்தார்.